அம்மாயியின் சுருக்குப்பையில் எது வெள்ளி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் கொலுசுப் பட்டறைச் சத்தம் காதில் விழும். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்துவிட்டு, 1974ஆம் வருஷத்துப் பத்து ரூபாய்க் காசு ஒன்றை வெள்ளி என்று நம்பி, வெள்ளி விலை கொடுத்து வாங்கி வந்தவன் நான். விற்றவர் ஒரு நடைபாதைக் கடைக்காரர். 'கையில வெச்சுப் பாருங்க, கனம் எப்படி இருக்கு' என்றார். கனமாகத்தான் இருந்தது. அகலமாக, வெள்ளை வெளேரென்று, தட்டினால் சத்தமும் வந்தது. பேரம் பேசி ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நேராகத் தெரிந்த பத்தர் ஒருவரின் பட்டறைக்குப் போனேன்.

அவர் உரைகல்லை எடுப்பார், ஆசிட் பாட்டிலைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு காசைத் திருப்பிப் பார்த்தார். 'ஏனுங்க, வருஷத்தப் படிக்கலீங்களா?' என்றார். அவ்வளவுதான்.

1972, 1973 வருஷத்துப் பெரிய பத்து ரூபாய்க் காசுகளில் சரிபாதி வெள்ளி. 1974 முதல் வந்த பத்து ரூபாயில் வெள்ளி ஒரு பொட்டுகூட இல்லை, வெறும் செம்பும் நிக்கலும்தான். இரண்டுக்கும் விட்டம் ஒன்றே, 39 மி.மீ. இதில் வேடிக்கை என்னவென்றால், வெள்ளிக் காசு 22.5 கிராம், வெள்ளி இல்லாத காசு 25 கிராம். கனத்தை நம்பி வாங்கினால் தப்பானதைத்தான் வாங்குவீர்கள். நான் வாங்கினேன்.

அதற்குப் பிறகு அம்மாயியின் (அம்மாவின் அம்மா) சுருக்குப்பையிலிருந்து கிடைத்த காசுகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பழகியதில் ஒரு வரிசை பிடிபட்டது. முதலில் படிப்பு, அப்புறம் தராசு, அப்புறம் தண்ணீர். காந்தம், சத்தம், நிறம் எல்லாம் துணைக்கு மட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் சுண்டிப் பார்க்கிறார்கள், கடைசியில்கூட வருஷத்தைப் படிப்பதில்லை.

ராஜா தலை, ராணி தலை ரூபாய்கள்

வெள்ளைக்காரன் காலத்து ரூபாயில் ஒரு வசதி இருக்கிறது. 1835 முதல் 1939 வரை அதன் எடையும் மாற்றும் (வெள்ளியின் தூய்மை) மாறவே இல்லை. 11.66 கிராம், பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. இந்த 11.66 கிராம்தான் ஒரு தோலா. மூன்று தோலா ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை. அம்மாயி 'ரெண்டு ரூவா எடை' என்று மருந்துச் சரக்கு நிறுத்ததெல்லாம் இந்தக் காசை வைத்துத்தான். தராசில் எடைக்கல்லாக வைக்கும் அளவுக்கு நம்பகமான காசு அது. அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92, வெள்ளி இரண்டணா 1.46. இந்த நாலு எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடப் பயனுள்ள கருவி எதையும் கடையில் வாங்க முடியாது.

ஆறாம் ஜார்ஜ் காலத்தில்தான் குழப்பம் தொடங்குகிறது. போர் வந்தது, வெள்ளிக்குத் தட்டுப்பாடு. 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் பாதிதான் வெள்ளி. மிச்சம், நூற்றுக்கு 40 பங்கு செம்பு, ஐந்து பங்கு நிக்கல், ஐந்து பங்கு துத்தநாகம். எடை அதே 11.66. தலையும் அதே ராஜா தலை. எளிதாகப் பிரிக்க வேண்டுமானால் காசின் விளிம்பைப் பாருங்கள். பழைய ரூபாய்க்கு விளிம்பு முழுக்க நேர்வரிகள். இந்தப் பாதி வெள்ளி ரூபாய்க்கு அந்த வரிகளின் நடுவே ஒரு பள்ளம் சுற்றிவரும், அந்தப் பள்ளத்துக்குள் பொடிப் பொடியாக ஓர் அலங்காரம் இருக்கும். கள்ளக் காசு அடிக்கிறவர்களைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது.

1947இல் வந்த ரூபாயில் வெள்ளியே கிடையாது, சுத்த நிக்கல். ஒரு பக்கம் அதே ஆறாம் ஜார்ஜ், மறுபக்கம் நடந்துபோகும் புலி. எடையும் 11.66தான், ஆனால் விட்டம் சற்றுச் சின்னது, 28 மி.மீ. வெள்ளி ரூபாய் 30.5 மி.மீ. இருக்கும். அரை ரூபாயும் கால் ரூபாயும் 1946இலேயே புலிக்கு மாறிவிட்டன. ஆகவே புலி போட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், நிக்கல். 'புலி போட்ட வெள்ளி ரூபாய்' என்று எங்கள் சொந்தக்காரர் ஒருவர் மூன்றை பீரோவில் பூட்டி வைத்திருந்தார். ஸ்பீக்கர் காந்தத்தைக் காட்டினேன், மூன்றும் போய் ஒட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஐந்தாம் ஜார்ஜ் காலத்திலும் ஒரு சின்னக் கண்ணி உண்டு. முதல் உலகப் போரில் வெள்ளி கிடைக்காமல் போனதால் சில்லறையைச் செம்பு-நிக்கலில் அடித்தார்கள். 1918 முதல் வந்த சதுர இரண்டணா, 1919 முதல் வந்த எட்டு மூலை நாலணா, 1919, 1920 வருஷத்து வட்ட எட்டணா எல்லாம் அந்த வகை. முதல் இரண்டும் வடிவத்திலேயே தெரிந்துவிடும். எட்டணாதான் ஏமாற்றும்: அதே ராஜா, அதே வட்டம். மறுபக்கத்தில் பெரிதாக 8 என்ற எண் இருந்தால் அது வெள்ளியில்லை. வெள்ளிக் காசில் அரை ரூபாய் என்றுதான் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும்.

வருஷமே காட்டிக்கொடுக்கும் போலிகள்

இது எனக்குப் பிடித்த சோதனை. காசு செலவில்லை, காசைத் தொடக்கூட வேண்டாம்.

விக்டோரியா ரூபாயில் வருஷம் வருஷம் தேதி மாறவில்லை. 1840 என்ற தேதியையே 1861 வரை போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் 1862 என்ற தேதி, அதுவும் 1874 வரும்வரை அப்படியே நின்றது. ஆகவே புழக்கத்துக்கு அடித்த ராணி ரூபாயில் 1850, 1857, 1868 என்றெல்லாம் தேதி இருக்கவே முடியாது. சிப்பாய்க் கலகத்து வருஷம் என்று சொல்லி 1857 தேதியிட்ட ரூபாயை யாராவது காட்டினால், டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரில் ராணி தலையோ ராஜா தலையோ போட்ட ரூபாயில் 1835, 1840 இரண்டே தேதிகள்தான்.

அதேபோல் 1876 வரை ராணியின் பெயரோடு 'குயீன்' என்று இருக்கும், 1877 முதல் 'எம்ப்ரஸ்'. 1862 தேதியில் எம்ப்ரஸ் என்று இருந்தால், போலி செய்தவர் ஒரு காசின் முகத்தையும் இன்னொன்றின் முதுகையும் சேர்த்துவிட்டார் என்று அர்த்தம்.

ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் போட்டு, மறுபக்கம் கம்பெனி பெயரும் 1818 என்ற தேதியும் இருக்கும் வில்லைகள் நம் பக்கம் நிறையச் சுற்றுகின்றன. அவை காசே இல்லை, கம்பெனி அப்படி எதையும் அடிக்கவில்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று சொல்லி லட்சக்கணக்கில் ஏமாற்றும் கூட்டத்தின் கையில் இருப்பதும் பெரும்பாலும் இந்த மாதிரிதான். அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

சுதந்திரத்துக்குப் பின்: ஒரே படம், இரண்டு உலோகம்

இங்கேதான் தலைப்புக்கு ஏற்ற விஷயம் இருக்கிறது. நினைவுக் காசு வெளியிடும்போது அரசாங்கம் ஒரே படத்தைப் பல மதிப்புகளில் அடிக்கும். பெரிய மதிப்பு வெள்ளியில், சின்ன மதிப்பு மலிவு உலோகத்தில். படத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, எண்ணைப் படிக்க வேண்டும்.

1969இல் வந்த காந்தி நூற்றாண்டுக் காசை எடுத்துக்கொள்வோம். பத்து ரூபாய் 15 கிராம், 34 மி.மீ., அதில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. அதே காந்தி முகம் ஒரு ரூபாயிலும் ஐம்பது காசிலும் இருக்கிறது, அவை சுத்த நிக்கல். இருபது காசு மஞ்சளாக இருக்கும், அது அலுமினிய வெண்கலம். எங்கள் வீட்டில் கிடைத்தது ஒரு ரூபாய்தான். காசில் 1869-1948 என்று போட்டிருக்கும், அது காந்தி பிறந்ததும் மறைந்ததும். 1869 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, 'நூற்றைம்பது வருஷத்துக் காசு, வெள்ளியாகத்தான் இருக்கும்' என்று அம்மாயி கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார். நேரு காசும் அதே கதை. அவர் மறைந்ததும் 1964இல் வந்தவை ஒரு ரூபாயும் ஐம்பது காசும் மட்டும், இரண்டும் நிக்கல். 1964 நேரு வெள்ளி ரூபாய் என்று ஒன்று கிடையாது. நேரு படத்தோடு வெள்ளி வேண்டுமென்றால் 1989இல் அவர் நூற்றாண்டுக்கு வந்த நூறு ரூபாய்க் காசு இருக்கிறது. 35 கிராம், பாதி வெள்ளி. அப்போதும் அதே முகம் இருபது, ஐந்து, ஒரு ரூபாய்க் காசுகளில் செம்பு-நிக்கலில் வந்தது.

பத்து ரூபாயின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சந்தையில் அதிகம் கை மாறுவது அதுதான். 1969 முதல் 1971 வரை 80 பங்கு வெள்ளி, 15 கிராம். 1972இல் சுதந்திர வெள்ளிவிழாவுக்கு வந்ததும் 1973இல் வந்ததும் 50 பங்கு வெள்ளி, பெரிய வட்டம். 1974 முதல் வெள்ளி ஐம்பது ரூபாய்க் காசுக்குப் போய்விட்டது, பத்து ரூபாய் செம்பு-நிக்கலாகிவிட்டது. 1974இல் குடும்பக் கட்டுப்பாட்டுப் படம், 1975இல் பெண்கள் ஆண்டு, 1976, 1977 என்று ஒவ்வொரு வருஷமும் ஒரே படம் ஐம்பதிலும் பத்திலும் இருக்கும். ஐம்பது வெள்ளி, பத்து வெறும் காசு. 1980இல் வெள்ளி நூறு ரூபாய்க்கு ஏறியது. 1985இல் வந்த இந்திரா காந்தி காசில் நூறு மட்டும் வெள்ளி. பலர் வீட்டில் சில்லறையாகக் கிடக்கும் ஐந்து ரூபாய் இந்திரா காசு 12.5 கிராம் செம்பு-நிக்கல். கனமும் அகலமும் பழைய ராஜா ரூபாய் போலவே இருப்பதால் அதையும் வெள்ளி என்று நினைப்பவர்கள் உண்டு.

நம் ஊர்த் தலைவர்களின் காசுகளிலும் இதே ஏற்பாடுதான். காமராஜர், அண்ணா நூற்றாண்டுக் காசுகளில் நூறு ரூபாய் வெள்ளிக் கலவை, ஐந்து ரூபாய் மலிவு உலோகம். அண்ணாவின் ஐந்து ரூபாய் மஞ்சளாக இருப்பதால் யாரும் ஏமாற மாட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010இல் வந்த ஆயிரம் ரூபாய்க் காசு 35 கிராம், 80 பங்கு வெள்ளி. அதே கோயிலும் ராஜராஜனும் இருக்கும் ஐந்து ரூபாய் பித்தளை நிறம்.

காந்தம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

காந்தத்தில் ஒட்டினால் வெள்ளியில்லை. அது சரி. ஒட்டாவிட்டால் வெள்ளி என்பது தப்பு. நிக்கல், இரும்பு, எஃகுக் காசுகள் ஒட்டும். செம்பு-நிக்கல் ஒட்டாது, பித்தளை ஒட்டாது, ஈயம் ஒட்டாது. நான் ஏமாந்த 1974 காசும் ஒட்டவில்லை. கடைக்காரரே காந்தத்தை நீட்டிக் காட்டுகிறார் என்றால், அது ஒட்டாது என்று அவருக்கு முன்பே தெரியும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காந்தத்தில் பழக வேண்டுமானால் 1992க்குப் பிறகு வந்த எஃகு ஒரு ரூபாய்களை வைத்துப் பழகலாம். நம் சேலம் உருக்காலையில் காசுக்கான எஃகு வட்டத் தகடு வெட்டும் பிரிவே இருக்கிறது. உங்கள் சட்டைப்பை ரூபாய் சேலத்தில் பிறந்ததாகக்கூட இருக்கலாம்.

தராசு

நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசு வேண்டும். பத்தில் ஒரு பங்கு காட்டும் சமையலறைத் தராசு இந்த வேலைக்கு ஆகாது, ஏன் என்று தண்ணீர்ச் சோதனையில் புரியும்.

பழைய ரூபாய் தேய்ந்திருக்கும். 11.4, 11.5 கிராம் வந்தால் பயப்பட வேண்டாம், நூறு வருஷம் எத்தனையோ மடியிலும் முடிச்சிலும் உரசியிருக்கிறது. ஆனால் ராணியின் தலைமுடிச் சுருள் எல்லாம் தெளிவாக இருக்கிறது, எடை மட்டும் 10 கிராம்தான் என்றால் அது தேய்மானமில்லை. அதேபோல் 11.66க்கு மேல் கணிசமாகப் போனாலும் சந்தேகம்தான். ஒரு விதிவிலக்கு: காசுமாலையில் கோத்திருந்த காசு. வளையம் பற்றவைத்திருப்பார்கள், அல்லது வளையத்தை எடுத்த இடத்தில் பற்றவைத்த பொடி ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட காசில் எடையும் சொல்ல முடியாது, சத்தமும் சொல்ல முடியாது.

தண்ணீர்

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். காசுக்கு ஒரு கீறல்கூட விழாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும், வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது. வெள்ளியின் அடர்த்தி 10.49. செம்பு, நிக்கல், இரண்டின் கலவை எல்லாமே 8.9க்குப் பக்கத்தில். பித்தளை அதற்கும் கீழே, சுமார் 8.5. இந்த இடைவெளியில்தான் நம் வேலை.

முதலில் காசைச் சாதாரணமாக நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு சின்ன பிளாஸ்டிக் டம்ளரில் முக்கால்வாசித் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வையுங்கள். தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். தையல் நூலில் காசைக் கட்டி, தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியைத் தொடக்கூடாது, பக்கத்தையும் தொடக்கூடாது. இப்போது தராசு காட்டும் எண், காசு விலக்கிய தண்ணீரின் எடை. முதலில் எழுதிய எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

கையில் நூலைப் பிடித்தால் கை ஆடும், எண்ணும் ஆடும். நான் இரண்டு செங்கல் மேல் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்து அதில் நூலைக் கட்டிவிடுவேன். காசின் எழுத்துகளுக்கு இடையே காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, காசை முன்பே ஒருமுறை முக்கி எடுத்தால் குமிழி நிற்காது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் முதல் நாள் முழுக்க எண் ஏன் நிற்கமாட்டேன் என்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள், நான் உடைத்துக்கொண்டதைப் போல.

சுருக்குப்பையில் இருந்தவற்றின் கணக்கைத் தருகிறேன். 1900ஆம் வருஷத்து ராணி ரூபாய்: எடை 11.48, தண்ணீரில் 1.11. வகுத்தால் 10.34. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி என்றால் கணக்குப்படி அதேதான் வர வேண்டும், அச்சு அசலாக வந்தது. 1944 ஆறாம் ஜார்ஜ்: 11.55, தண்ணீரில் 1.21, அடர்த்தி 9.55. பாதி வெள்ளி. இன்னொரு ராணி ரூபாய், கண்ணுக்கு முதல் ராணியைவிட அழகு: எடை 9.86, தண்ணீரில் 1.16, அடர்த்தி 8.5. பித்தளை மேல் வெள்ளி முலாம். அப்புறம் ராணியின் முகத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, மூக்கு நுனியிலும் கிரீடத்தின் மேட்டிலும் மஞ்சள் எட்டிப் பார்த்தது. தண்ணீர் சொன்ன பிறகுதான் அது என் கண்ணில் பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தண்ணீர் எண் 1.11 என்று வரும் இடத்தில், பத்தில் ஒரு பங்கு மட்டும் காட்டும் தராசு 1.1 என்றுதான் காட்டும். அது 1.05ஆகவும் இருக்கலாம், 1.15ஆகவும் இருக்கலாம். அடர்த்தி கிட்டத்தட்ட 10க்கும் 11க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் போகும். அதனால்தான் நல்ல தராசு. கால் ரூபாய், இரண்டணா போன்ற பொடிக் காசுக்கு நல்ல தராசிலும் பிழை கூடும், மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

ஈயம் வெள்ளியைவிட அடர்த்தி, 11.34. ஈயத்தோடு வேறு உலோகத்தைச் சேர்த்து 10.3 வரவைக்க முடியுமா என்று கேட்பார்கள். கணக்குக்கு முடியும். ஆனால் ஈயம் கலந்த காசு மொந்தையாக இருக்கும், தட்டினால் 'டக்' என்று செத்த சத்தம் வரும், எழுத்து மழுங்கியிருக்கும். சத்தச் சோதனைக்கு எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான உபயோகம் அதுதான்.

சத்தமும் நிறமும்

விரல் நுனியில் காசைக் கிடையாக நிறுத்தி, இன்னொரு காசின் விளிம்பால் மெல்லத் தட்டினால் நல்ல வெள்ளி கணீரென்று நீளமாக ஒலிக்கும். கருங்கல் தரையில் போட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் வேண்டாம், விளிம்பு நசுங்கும். நிக்கலும் ஓரளவு நன்றாகவே ஒலிக்கும். விரிசல் விட்ட அசல் வெள்ளி ஊமையாகிவிடும். சினிமாவில் பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நிறமும் அப்படித்தான். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து நண்பர் வீட்டுத் தகரப்பெட்டியிலிருந்து எடுத்த ரூபாய்கள் மை பூசியதைப் போல இருந்தன. அது வெள்ளிக்கு வரும் இயல்பான கறுப்பு. 1940களின் பாதி வெள்ளிக் காசு தேய்ந்தால் லேசாக மஞ்சள் தட்டும். அதை முலாம் போன காசு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முலாம் போன காசில் மஞ்சளோ சிவப்போ மேடான இடத்தில் மட்டும் திட்டாகத் தெரியும், பாதி வெள்ளியில் காசு முழுக்க ஒரே சாயல் இருக்கும்.

வார்ப்பில் செய்த போலிக்கு விளிம்பில் ஒரு மெல்லிய கோடு சுற்றிவரும், இரண்டு அச்சு சேர்ந்த இடம். காசின் வெற்றுப் பரப்பில் ஊசி குத்தியதைப் போலப் பொடிக் குழிகள் இருக்கும். அடித்த காசில் இரண்டும் இருக்காது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று போதும்.

செய்யக்கூடாதவை

நம் வீட்டில் வெள்ளி என்றால் கை தானாக விபூதி டப்பாவுக்குப் போகும். குத்துவிளக்குக்குச் சரி, காசுக்கு வேண்டாம். பேஸ்ட், புளி, எலுமிச்சை, சோடா மாவு எதுவும் வேண்டாம். தேய்த்துப் பளபளப்பாக்கிய பழைய காசுக்குச் சேகரிப்பவரிடம் மதிப்பு குறைந்துவிடும், அந்தக் கறுப்புதான் அதன் வயதுச் சான்று. அழுக்கு அதிகமென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுங்கள், அவ்வளவு போதும்.

உரைகல்லில் உரசுவதும் ஆசிட் வைப்பதும் நகைக்கு உள்ள சோதனை. ஒரு முறை உரசினால் அந்தத் தழும்பு போகாது. முலாம் கனமாக இருந்தால் உரசலும் ஏமாற்றும். டெஸ்டிங் சென்டர்களில் இருக்கும் எக்ஸ்ரே மெஷின் தழும்பில்லாமல் எத்தனை டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி) என்று எண்ணோடு சொல்லிவிடும், ஆனால் அதுவும் மேல்தோலைத்தான் படிக்கிறது. தடித்த முலாமுக்குக் கீழே இருப்பதை அது பார்க்காது. மெஷின் சீட்டில் வெள்ளி என்று வந்து, தண்ணீர்க் கணக்கில் 8.6 வந்தால் நான் தண்ணீரைத்தான் நம்புவேன்.

வாங்கப் போகும்போது

வாங்குவதற்கு முன் வெள்ளி எத்தனை கிராம் என்று மனதில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய ரூபாயில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. 1940 முதல் 1945 வரை 5.8. 1969 பத்து ரூபாயில் 12, 1972இல் 11.25, நேருவின் நூறு ரூபாய்க் காசில் 17.5. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் உலோக மதிப்பு. பட்டறையில் விற்கப் போனால் அதிலும் கொஞ்சம் கழித்துத்தான் கொடுப்பார்கள். சேகரிப்பு மதிப்பு வேறு கணக்கு. அதில் தெளிவு வரும்வரை உலோக மதிப்புக்கு மேல் ரொம்பக் கொடுக்காதீர்கள். குறிப்பாக 1939 ரூபாய். பெரும்பாலும் உருக்கப்பட்டுவிட்டதால் அதற்கு விலை அதிகம், அதனாலேயே போலியும் அதிகம். 1938இல் கடைசி எண்ணைச் சுரண்டி 9 ஆக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வார்த்தை எச்சரிக்கைக்கு: ஜெர்மன் சில்வர். பேரில்தான் வெள்ளி. செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவுதான். லட்சுமி படம் போட்டுத் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்கும் காசுகள் இதிலும் வருகின்றன, அதே படத்தில் நகைக்கடையின் அசல் வெள்ளிக் காசும் வருகிறது. நகைக்கடைக் காசில் எடையும் தூய்மையும் பொறித்திருக்கும். பொறிக்காத காசுக்குத் தராசும் டம்ளரும் இருக்கவே இருக்கின்றன.

அந்த 1974 பத்து ரூபாயை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. என் தராசுப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. தராசைத் திறந்ததும் முதலில் அதைத்தான் வைக்கிறேன். 24.93 காட்டினால் தராசு ஒழுங்காக இருக்கிறது. தண்ணீரில் 2.79. அதுவும் சரியாக வந்தால் அடுத்த காசை நூலில் கட்டுவேன்.